ஒரு பேப்பர் பாக்கி

எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று பத்திரமாக இருக்கிறது. மணமகள் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.ஏ.’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதே பெட்டியில், பழுப்பேறிய உறைக்குள் அம்மாவின் மதிப்பெண் பட்டியல்களும் இருக்கின்றன. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பத்திரிகையில் இருப்பது உண்மையில்லை என்று தெரியும். பகுதி இரண்டு, ஆங்கிலம், ஒரே ஒரு தாள். அம்மா அதில் தேறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருக்கிறார். முதன்மைப் பாடத்தில் நல்ல மதிப்பெண்.

1984 ஏப்ரலில் இறுதியாண்டுத் தேர்வு, மே மாதம் கல்யாணம். தேர்வு முடிவு வந்தபோது அம்மா புதுச்சேரிக்கு வாழ வந்துவிட்டார். அவர் படித்தது புதுச்சேரிக்கு வெளியே. கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை, எந்தக் கல்லூரியிலும் நடந்திருக்கக்கூடிய கதைதான் இது. மறுதேர்வுக்குக் கட்டணம் கட்டும் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பலகை ஓர் ஊரில், அம்மா இன்னோர் ஊரில். அடுத்த வருஷம் நான் பிறந்தேன். அதற்குள், “பாடத்திட்டம் மாறிடுச்சாம், இனிமே எழுத முடியாதாம்” என்று யாரோ சொன்னார்கள். அம்மா நம்பிவிட்டார். பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் எழுதி முடிக்க இன்னும் சில வாய்ப்புகள் கொடுத்திருந்தார்கள் என்பது, நான் கல்லூரி ஆசிரியராகி, பழைய ஆட்களிடம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்டி” என்றார்.

பெண்கள் படிப்பை விட்ட கதைகளை நாம் பெரும்பாலும் வறுமை, கல்யாணம், அப்பாவின் பிடிவாதம் என்று எழுதிவைத்திருக்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால், அவற்றுக்கு நடுவே இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. ஒரு பட்டத்துக்கு என்னென்ன வேண்டும், அதில் எனக்கு இன்னும் என்ன பாக்கி, அதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமலேயே வெளியேறிய பெண்கள் ஏராளம். விதி புத்தகத்தில் இருந்தது, அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அந்த வேலையின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

காகிதங்கள் மாறிக்கொண்டே இருந்த ஊர்

எந்தப் படிப்பு செல்லும், எது செல்லாது என்ற கேள்வி புதுச்சேரிக்குப் புதிதல்ல. இந்த ஊர் ஒன்றரை நூற்றாண்டுக்குள் பல தடவை அளவுகோலை மாற்றியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் இங்கே ஆண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்றைய பிரெஞ்சு லீசே அதன் தொடர்ச்சிதான். அடுத்த வருஷம், 1827இல், க்ளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் வந்து பெண் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி வருவதற்கு 1844 ஆகிவிட்டது. லூயி சவினியேன் துப்புயி என்ற பாதிரியார், தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்த இருவரில் ஒருவர், அந்த ஆண்டு மரியாளின் மாசற்ற இருதயச் சகோதரிகள் சபையை இங்கே நிறுவினார். பெண்களுக்குக் கல்வி கொடுப்பதே அதன் முதல் நோக்கம். ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பின் முடிவில் ஒரு தேர்வும், தேர்வின் முடிவில் ஒரு காகிதமும், காகிதத்தின் முடிவில் ஒரு வேலையும் இருந்தன. க்ளூனி சகோதரிகளின் எம்பிராய்டரிக் கூடத்தை இன்றும் ரொமேன் ரோலன் வீதியில் பார்க்கலாம். அங்கே பெண்கள் பூ வேலை செய்த துணிகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தேர்ச்சிக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று யோசிப்பேன்.

பிரெஞ்சு ஆட்சியில் படித்தவர்களின் கையில் இருந்தவை ‘பிரெவே’, ‘பக்கலொரேயா’ போன்ற சான்றிதழ்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. திடீரென்று ஒரு கேள்வி எழுந்தது. பாரிஸைப் பார்த்துப் படித்த படிப்பு சென்னையில் செல்லுமா? 1956 மே 28இல் தில்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. பிரெஞ்சுச் சான்றிதழ்களை மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் இந்தியப் பட்டங்களுக்கு ஈடாக அங்கீகரிக்க வேண்டும், எது எதற்கு ஈடு என்பதை இரு அரசுகளும் அமைக்கும் கூட்டுக் குழு முடிவு செய்யும் என்பது அதன் சாரம். அந்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

வரலாற்று மாணவிகள் இந்த ஒப்பந்தத்தை எல்லைகளுக்காகவும் குடியுரிமைக்காகவும் படிக்கிறார்கள். நான் இந்த ஷரத்துக்காகப் படிக்கிறேன். ஏனென்றால், எது எதற்கு ஈடு என்ற பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்துக்குப் போய்வரும் அண்ணனோ அப்பாவோ இருந்தால் அவர்களுக்குத் தெரியும். காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுப்படிக்குப் போன பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

1961இல் தாகூர் கலைக் கல்லூரி வந்தது. பெண்களுக்கென்று அரசுக் கல்லூரி 1968இல் வந்தது. இன்று பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி என்று அழைக்கப்படும் அதுதான், இந்த ஊரில் பல குடும்பங்களின் முதல் பட்டதாரிப் பெண்ணை உருவாக்கியது. ‘ஆம்பளப் பசங்க இல்லாத காலேஜ்’ என்ற ஒரே காரணத்துக்காகப் படிக்க அனுமதி கிடைத்த பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள்.

அப்போது இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். மூன்றையும் முடித்தால்தான் பட்டம். ஆனால் வீட்டில் ‘மேஜர்’ மட்டும்தான் படிப்பு. ‘இங்கிலீஷ்ல ஒண்ணு நின்னுபோச்சு, அத அப்புறம் எழுதிக்கலாம்’ என்பார்கள். அந்த அப்புறத்தில்தான் என் அம்மாவின் பட்டம் நின்றுபோனது.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே புதுவைப் பல்கலைக்கழகம் உருவாகி, புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளின் கல்லூரிகள் ஒரே குடையின் கீழ் வந்தன. ஊருக்கு அது பெரிய வரவு. ஆனாலும், பல்கலைக்கழகம் மாறும்போதும் பாடத்திட்டம் மாறும்போதும் பழைய விதியில் சேர்ந்தவர், புதிய விதியில் சேர்ந்தவர் என்று இரண்டு வரிசைகள் உண்டாகும். பாக்கி வைத்திருப்பவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

பிறகு முதன்மைப் பாடத்தோடு சேராத கட்டாயத் தாள்களும் வந்தன. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்து, 2003இல் வலியுறுத்திய உத்தரவின்படி, எல்லாப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமானது. நல்ல நோக்கம். ஆனால் ‘மேஜர் இல்லையே’ என்று அலட்சியமாக விடப்பட்ட அந்த ஒரு தாள், வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பின்போது எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடித்தும் பட்டம் இல்லை

விதி தெரியாமல் இழந்தவர்கள் ஒரு பக்கம். எல்லா விதியையும் நிறைவேற்றிய பிறகும் பட்டம் மறுக்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம்.

புனேயில் படித்து, தேர்வில் முதலிடம் பெற்று, பெண் என்பதால் இங்கிலாந்து போவதற்கான அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டவர் கார்னீலியா சொராப்ஜி. நண்பர்கள் திரட்டிய உதவியில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1892இல் சட்டத் தேர்வை எழுதி முடித்தார். அதை எழுதிய முதல் பெண் அவர்தான். பட்டம் கொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு 1920இல்தான் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. சொராப்ஜி தன் பட்டத்தை வாங்கியது 1922இல், 30 வருஷம் கழித்து. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 ஆனது. இடையில், 1904 முதல் 1907 வரை, இந்த இரண்டு இடங்களிலும் படித்து முடித்த பெண்கள் நூற்றுக்கணக்கில் நீராவிக் கப்பல் ஏறி டப்ளினுக்குப் போய், அங்குள்ள ட்ரினிட்டி கல்லூரியில் பட்டம் வாங்கிவந்தார்கள். டப்ளினில் ஒரு வழி திறந்திருக்கிறது என்ற செய்தி ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போயிருக்காவிட்டால் அத்தனை பேர் போயிருக்க முடியுமா?

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்ளின் கணிதத்திலும் தர்க்கவியலிலும் முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் 1882இல் முடித்தார். பட்டம் கொடுத்தது 1926இல். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மாணவருக்கு ஓர் ஆசிரியரை ஆலோசகராக நியமித்து, என்ன படிக்க வேண்டும் என்று வழிகாட்டும் முறையை முதலில் கொண்டுவந்த இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவதும் இதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான், 1870களின் கடைசியில். ஆனால் இளநிலைப் படிப்பில் பெண்களை அது சேர்த்துக்கொண்டது 1970இல்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் விருப்பப் பாடங்கள் பெருகின. எதைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை முடித்தால் போதும் என்று எண்ணிச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. பெண்கள் கல்லூரிக்குள் வந்தபோது அவர்களைக் ‘கவனிக்க’ மகளிர் முதல்வர் என்ற பதவியை உருவாக்கினார்கள். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன மேரியன் டால்பட் போன்றவர்களுக்கு நிர்வாகம் கொடுத்த வேலை, பெண்களின் நடத்தையைக் கண்காணிப்பது. அவர்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெண்களின் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசினார்கள். அடுத்த தலைமுறையில் அந்தப் பதவிகள் ‘மாணவர் முதல்வர்’ என்ற பொதுப் பதவிக்குள் கரைந்தன. அதில் பெரும்பாலும் ஆண்கள் அமர்ந்தார்கள். வேலையைக் கட்டியெழுப்பிய பெண்களின் பெயர் கல்வி வரலாற்றின் ஓரத்துக்குப் போனது.

நாற்பதோடு நாலு

இப்போது காலம் கிரெடிட் காலம். வாரம் ஒரு மணி நேரம் என்று ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு நடந்தால் அது ஒரு கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருஷ ஆனர்ஸுக்கு 160. முதன்மைப் பாடம், துணைப் பாடம், பிற துறைப் பாடம், மொழித் திறன், தொழில் திறன், மதிப்புக் கல்வி, இன்டர்ன்ஷிப் என்று அந்த 120 பல கூறுகளாகப் பிரிகிறது. கூட்டினால் 120 வந்துவிட்டது என்பதால் பட்டம் வராது. ஒவ்வொரு கூறிலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இருக்கிறது. பழைய மூன்று பகுதிகளே பலருக்குப் புரியவில்லை. இப்போது ஏழு.

சென்ற வருஷம் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பாகூர் பக்கத்துப் பெண். “மேம், கல்யாணம் வச்சிருக்காங்க. அடுத்த வருஷம் வர மாட்டேன். ஒரு வருஷம் முடிச்சா சர்டிபிகேட் தருவாங்கல்ல, அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு.” முதலாண்டின் 40 கிரெடிட்டையும் அவள் முடித்திருந்தாள். நான் என் நோட்டை எடுத்து விதியை வாசித்துக் காட்டினேன். 40 கிரெடிட் மட்டும் போதாது. கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்படிப்பையும் முடித்தால்தான் அந்தச் சான்றிதழ். அவள் திகைத்துப்போனாள். “அத யாரும் சொல்லலயே மேம்.”

அதே பழைய வாக்கியம். என் அம்மாவுடையது.

எந்த வருஷத்திலும் வெளியேறலாம், திரும்பி வரலாம் என்ற இந்த ஏற்பாட்டை நான் முற்றிலும் எதிர்க்கவில்லை. முன்பு ஒரு வருஷம் படித்துவிட்டுப் போன பெண்ணுக்குக் கையில் எதுவும் இல்லை. இப்போது ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் வெளியேறும் வாசலை அகலமாகத் திறந்து வைத்தால், அதன் வழியே முதலில் அனுப்பப்படுவது யார் என்று நமக்குத் தெரியும். ‘அதான் சர்டிபிகேட் வந்துடுச்சே’ என்று சொல்ல வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. திரும்பி வர 3 வருஷம் அவகாசம், மொத்தப் படிப்பையும் 7 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது விதி. கல்யாணமான பெண்ணுக்கு அந்த முதல் 3 வருஷம் எப்படிப்பட்ட வருஷங்கள் என்று விதி எழுதியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். பிரசவமும் கைக்குழந்தையும் அதற்குள்தான் வருகின்றன. அவகாசம் முடியப்போகிறது என்று அவளுக்கு நினைவூட்டுவது யார்?

இன்னும் சில கண்ணிகள் இருக்கின்றன. நான்காம் வருஷத்தில் ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் படிக்க, முதல் ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம் வேண்டும். இதை மூன்றாம் வருஷத்தில் தெரிந்துகொண்டு என்ன பயன்? இன்டர்ன்ஷிப் கட்டாயம். ‘தெரியாத ஆபீசுக்கு எல்லாம் போக வேணாம்’ என்று வீட்டில் நிறுத்தினால் அந்த கிரெடிட் நிற்கும், அதோடு பட்டமும் நிற்கும். கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் இணைய வங்கி 2021இல் வந்தது. அந்தக் கணக்கைத் திறக்க ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். என் வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எண் அப்பாவுடையது அல்லது அண்ணனுடையது. தன் படிப்பின் கணக்கைப் பார்க்க அண்ணன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறாள் தங்கை.

பொறுப்பில்லாத பொறுப்பு

15 வருஷமாக நான் வகுப்பாசிரியராக இருக்கிறேன். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பக்கம். சேர்ந்த வருஷம், எந்த விதிமுறை, முடித்த தாள்கள், அரியர், கட்டணத் தேதி, அவளுடைய எண், அவள் அம்மாவின் எண். படிப்பை விட்டவர்களின் பக்கத்தை நான் கிழிப்பதில்லை. தேர்வுக்குப் பணம் கட்டும் வாரத்தில் அவர்களையும் கூப்பிடுவேன். சிலர் வீட்டில் மாமியார் எடுப்பார். நான் ‘காலேஜ் டீச்சர்’ என்று சொல்லாமல் ‘பழைய சிநேகிதி’ என்று சொன்ன நாட்களும் உண்டு.

கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்ய வருகிறவர்கள் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று மெண்டர் விகிதம் கேட்கிறார்கள். விகிதத்தை எழுதிக் கொடுக்கிறோம். இரவு ஒன்பது மணிக்குப் பேசிய தொலைபேசிப் பேச்சுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பணி உயர்வுக்கும் அது கணக்கில் வராது. நான் பார்த்தவரையில் இந்த நோட்டை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண் ஆசிரியர்கள். ‘உங்களுக்குத்தான் மேடம் இதெல்லாம் பொறுமையா வரும்’ என்று சக ஆசிரியர்கள் பாராட்டுவார்கள். வீட்டில் யாருக்கு எப்போது மாத்திரை, எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்று நினைவு வைத்திருப்பதை எப்படி இயல்பு என்று சொல்லி உழைப்பு இல்லாமல் ஆக்கினார்களோ, அதேதான் இங்கும் நடக்கிறது. இது வேலை. இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், ஆள் ஒதுக்க வேண்டும், சம்பளம் வேண்டும். ஒரு பெண்ணின் பட்டம், அவளுக்கு அக்கறையுள்ள ஆசிரியர் வாய்த்தாரா என்ற அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது.

அதுவரை, தோழிகளே, உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்த வருஷத்தின் விதிமுறையை ஒரு பிரதி எடுத்து வையுங்கள், உங்களுக்கு அடுத்த வருஷத்தவளின் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆதாரில் உங்கள் எண்ணைச் சேருங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எந்தக் கூறில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். படிப்பை விட நேர்ந்தால், திரும்பி வரும் கடைசித் தேதியை எழுதிக்கொண்டு வெளியே போங்கள். உங்களுக்குத் தெரிந்த விதியைப் பக்கத்தில் இருப்பவளுக்கும் சொல்லுங்கள். டப்ளின் கப்பல் அப்படித்தான் நிறைந்தது.

பாகூர்ப் பெண் கோடையில் அந்த 4 கிரெடிட் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். பிறகு கல்யாணம் நடந்தது. அவள் பக்கத்தில், திரும்பி வருவதற்கான கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அவளும் எழுதிக்கொண்டுதான் போனாள்.

ஒவ்வொரு தேர்வு முடிவுக்குப் பிறகும் நான் நோட்டோடு உட்காரும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். “இந்தத் தடவ எத்தன பேருக்குப் பாக்கி?” என்பார். நான் வாசிப்பேன். போன வாரம் வாசித்து முடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

“அந்த பாகூர் பொண்ணு?”

“இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும்மா.”

“ரெண்டு வருஷம்னு விட்டுடாத. இந்த மாசமே ஒரு போன் போடு” என்றார்.